பிஷப் போட்ட கணக்கு

மதம் எதுவாயினும் அதன் வாயிலில் அச்சத்தைக் காவலுக்கு நிறுத்தி வைத்திருப்பதைக் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் திருச்சபை நிறுத்தி வைத்திருந்த காவலாளின் பெயர் நரகம். நம்பினால் மோட்சம், நம்பாவிடில் அணையாத நெருப்பு, ஐயுற்றாலோ, அதுவே நம்பாமைக்கு முதற்படி! இவற்றைத் தொட்டிற் பருவம் முதலே கேட்டு வளர்ந்த ஒரு சமுதாயத்தில், 'இது மெய்தானா?' என்று வாய் திறந்து கேட்பது எளிதன்று.

எளிதன்று என்பதற்குச் சான்று வேண்டுமா? 1853ஆம் ஆண்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார் பிரடெரிக் டெனிசன் மாரிஸ். அவர் நாத்திகர் அல்லர், பாதிரியார், பக்தர். நரகமே இல்லை என்று அவர் சாதிக்கவும் இல்லை. நித்திய தண்டனை என்பதில் உள்ள 'நித்தியம்' என்ற சொல்லுக்கு, முடிவே இல்லாத காலம் என்றுதான் பொருள் கொள்ள வேண்டுமா என்று ஐயுற்றார். அவ்வளவுதான்! பதவி பறிபோயிற்று. ஒரு சொல்லின் பொருளைக் கேட்டவருக்கே இந்தக் கதி என்றால், வேதம் என்று போற்றப்படும் நூலின் மெய்ம்மையையே கேட்டவர் கதி என்னவாகும்?

அப்படிக் கேட்ட ஒருவர், அந்த மாரிசின் நண்பர். அதே திருச்சபையின் பிஷப். பெயர், ஜான் வில்லியம் கொலென்சோ. மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யோசுவாவின் புத்தகத்தையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1862ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கி, 1879ஆம் ஆண்டில் ஏழாம் பகுதியோடு முடிவுற்றது. அந்நூலைப் பற்றியும், அந்நூலை எதிர்த்து எழுதிய இலக்கியப் பேரறிஞர் ஒருவரைப் பற்றியும் நம் கருத்தினை இங்கே வைக்க விரும்புகிறோம்.

நூலை மதிப்பிடுமுன் நூலாசிரியரைச் சற்று அறிந்துகொள்வது நலம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1814ஆம் ஆண்டு பிறந்தவர் கொலென்சோ. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, 1836ஆம் ஆண்டுத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். அவர் எழுதிய எண் கணிதமும் இயற்கணிதமும் பள்ளிதோறும் பாடநூல்களாக விளங்கின. 1853ஆம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் பிஷப்பாக அமர்த்தப்பட்டார்.

நேட்டால் என்ற பெயர் தமிழருக்குப் புதிதன்று. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து நம்மவரை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல், 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதே நாட்களில், அத்துறைமுகத்திலிருந்து உள்நாட்டில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரருகே, எகுகன்யேனி என்ற இடத்தில் அமர்ந்து பைபிளை ஜூலு மொழிக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தார் கொலென்சோ. எகுகன்யேனி என்றால் ஒளியின் இடம் என்று பொருள். ஜூலு மொழிக்கு அவர் இலக்கணம் எழுதினார். 1861ஆம் ஆண்டில் அகராதியும் வெளியிட்டார். மாற்றார் மொழியை மதித்துக் கற்றவர் என்பதை நாம் மறவாது போற்ற வேண்டும்.

அவருடைய மொழிபெயர்ப்புப் பணியில் துணை நின்றவர்களுள் ஒருவர் வில்லியம் ங்கிடி என்ற ஜூலு. படிப்பவன் தாண்டிச் சென்றுவிடக்கூடிய சொல்லை, மொழிபெயர்ப்பவன் தாண்டிச் செல்ல இயலாது. ஒவ்வொரு சொல்லிலும் நின்றாக வேண்டும். நின்றால் நினைக்க வேண்டும். நினைத்தால் கேட்க வேண்டும். நோவாவின் கதையிலே ங்கிடி நின்றார். உலகம் முழுவதையும் மூடிய வெள்ளம் ஒன்று வந்ததாமே, அது நடந்ததுதானா? வெப்ப நாட்டு விலங்குகளும் குளிர் நாட்டு விலங்குகளும், ஊர்வனவும் பறப்பனவும், இணை இணையாக வந்து ஒரே பேழையில் ஏறினவா? இரை தின்னும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் வேண்டிய உணவையெல்லாம் நோவா எங்கிருந்து சேர்த்தார்?

கேட்டவர் கேம்பிரிட்ஜுக்குப் போனவர் அல்லர். காட்டையும் விலங்கையும் அறிந்தவர், ஆகவே கேட்டார். கேட்கப்பட்டவரோ நிலவியல் நூல்களைப் படித்தவர். பிரான்சு நாட்டின் ஓவர்ன் பகுதியில், அந்த வெள்ளம் வந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு மிக மிக முன்னரே எரிமலைகள் கக்கிய நுரைக்கல்லும் சாம்பலும் குலையாமல் அப்படியே கிடக்கின்றன என்பதும், உலகை மூடிய வெள்ளம் வந்திருந்தால் அவை அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியொரு வெள்ளம் வரவில்லை என்று அவர் அறிவு சொல்லிற்று. வந்தது என்று சொல்லச் சொல்லி அவர் அணிந்திருந்த அங்கி வற்புறுத்திற்று.

என்ன விடை சொன்னார்? இங்கேதான் இந்நூலின் உயிர் இருக்கிறது. வீர விடை ஏதும் அன்று அவர் சொல்லவில்லை! பைபிளின் பொதுவான நம்பகத்துக்கு ஊறு நேராமல், கேட்டவர் அப்போதைக்கு அமைதியடையும்படி ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தார். சுருங்கச் சொன்னால், மழுப்பினார். இதனை நாம் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. முதற்பகுதியின் முன்னுரையிலே அவரே எழுதி வைத்திருக்கிறார். தம் ஐயங்களையெல்லாம் விளக்கி ஆங்கிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் சமயப் பேராசிரியருக்குக் கடிதம் வரைந்ததையும், வரைந்த கடிதத்தை அனுப்பாமலே வைத்துக்கொண்டதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். அனுப்பப்படாத அக்கடிதம் ஒரு காலத்தின் படம் அன்றோ? ஐயம் பிறந்துவிட்டது; எழுத்தாகவும் ஆகிவிட்டது; ஆனால் அஞ்சற்பெட்டி வரை செல்லக் கால் வரவில்லை! தம்முள் இருந்த அச்சத்தை இவ்வாறு வெளியே எடுத்து வைத்த மதத்தலைவர்கள் மிகச் சிலரே. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முன்னுரையை இலக்கியம் என்று சொல்லத் துணிகிறோம்.

மற்றொரு நிகழ்ச்சியையும் அவர் குறிப்பிடுகிறார். யாத்திராகமம் இருபத்தோராம் அதிகாரம். எசமான் தன் அடிமையைக் கோலால் அடிக்கிறான். அடிபட்டவன் அங்கேயே இறந்தால் எசமானுக்குத் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடு கிடந்து இறந்தால் தண்டனை இல்லை. ஏனெனில் அடிமை அவனுடைய பணம்! இந்த வரிகளைத் தம் தாய்மொழியில் பெயர்க்க வேண்டி வந்தபோது, கிறிஸ்தவராகிவிட்ட அந்த ஜூலு உதவியாளரின் உள்ளம் கொதித்தது. மனிதர் அனைவரையும் படைத்த அருளாளன் இப்படியொரு சட்டம் சொல்லியிருப்பானா என்று அவர் நெஞ்சம் மறுத்தது. பேழையைப் பற்றிய கேள்வி அறிவில் பிறந்தது. இது அறத்தில் பிறந்தது. அறிவை மழுப்பலாம், அறத்தை மழுப்புவது எப்படி? கொலென்சோ எழுதத் தொடங்கினார்.

எப்படி எழுதினார்? கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்காகவே எழுதினார். எண்ணாகமத்தின்படி, எகிப்திலிருந்து வெளியேறியவர்களில் போருக்குத் தகுதியான ஆடவர் மட்டும் 6,03,550 பேர். பெண்டிரையும் சிறுவரையும் முதியோரையும் கூட்டினால் இருபது லட்சத்துக்குக் குறையாது. யாக்கோபின் வீட்டார் எழுபது பேர் எகிப்து சென்று, நான்காம் தலைமுறையில் இத்தனை லட்சமாகப் பெருகினர் என்கிறது அதே வேதம். சபையார் அனைவரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூடினர் என்றும் சொல்கிறது. கூடாரத்தின் அகலம் பத்து முழம்; அதாவது 18 அடி. நெருக்கி நின்றால் வரிசைக்கு ஒன்பது ஆடவர். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி இடைவெளி விட்டால், போர்வீரர் மட்டுமே ஏறத்தாழ இருபது மைல் நீளத்துக்கு நிற்க வேண்டும்! கடைசி வரிசையில் நின்றவர் காதுக்கு மோசேயின் குரல் எட்டியது எப்படி?

இன்னொரு கணக்கு. அந்த மக்களில் தலைப்பிள்ளையாகப் பிறந்த ஆண்கள் 22,273 பேர் என்று எண்ணாகமம் சொல்கிறது. அப்படியானால் ஒரு தலைப்பிள்ளைக்கு இருபத்தேழு வயதுவந்த ஆடவர். சிறுவரையும் சேர்த்தால் நாற்பதை எட்டும். ஒவ்வொரு தாயும் நாற்பது ஆண்மக்களைப் பெற்றாள் என்று கொண்டாலன்றி இக்கணக்கு ஒப்பேறாது! பகடி இல்லை, வசை இல்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே. கூரிய கத்தி கொண்டு குத்தாமல், அளவுகோல் கொண்டு அளந்தே ஒரு கோட்டையைக் கலங்கச் செய்த நூல் இது.

குறைகள் இல்லையா? உண்டு; மறைப்பது திறனாய்வாகாது. கணக்கில் கண்ட வெற்றி கொலென்சோவை எல்லை கடக்கச் செய்கிறது. ஆரோனும் அவர் மைந்தர் இருவருமாகிய மூன்று குருமார், மகப்பேற்றுக் காணிக்கையாக வரும் புறாக்களை நாளொன்றுக்குத் தலைக்கு எண்பத்தெட்டு வீதம் தின்றிருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டும்போது, படிப்பவர்க்குச் சிரிப்பு வருகிறதேயன்றிச் சிந்தனை வளர்வதில்லை. பழங்குடி மக்கள் தம் முன்னோரைப் பற்றிக் கட்டிய கதைகளில் எண்கள் பெருகுவது ஏன், அந்தப் பெருக்கத்தில் எத்தகைய ஏக்கமும் பெருமிதமும் உறைகின்றன என்ற கேள்வியை முதற்பகுதி தொடவே இல்லை. பொய்யென்று காட்டியதும் பேனாவை வைத்துவிடுகிறார். ஆகமங்கள் பல கைகள் பல காலங்களில் எழுதிச் சேர்த்தவை என்ற ஆராய்ச்சி பின்வரும் பகுதிகளில்தான் விரிகிறது. அப்பகுதிகளோ பொறுமைசாலிகளுக்கே உரியவை.

ஆயினும் நூலை எதிர்த்தோர் சுட்டிய குறை இதுவன்று. அதைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும்.

பாதிரிமார் சீறினர், அது எதிர்பார்த்ததே. பிஷப் ஜூலுவை மதம் மாற்றப் போனார், ஜூலு பிஷப்பை மாற்றிவிட்டான் என்று கேலிப் பாட்டுகள் உலவின. அப்பாட்டுகளில் ங்கிடிக்குப் பெயர் கூட இல்லை, வெறும் 'ஜூலு'தான். கறுத்த மனிதன் ஒருவன் கேட்டான் என்பதே கேள்வியைப் பொய்யாக்கப் போதுமான சான்று என்று கருதிய காலம் அது! பழைய நண்பர் மாரிசும் பிரிந்தார். நித்தியம் என்ற சொல்லை ஐயுற்று அடிபட்டவருக்கும் ஆகமத்தை ஐயுறுவது பொறுக்கவில்லை.

இவற்றையெல்லாம்விட நம்மை வருத்துவது மாத்யூ ஆர்னால்டின் எதிர்ப்பு. கவிஞர், ஆக்ஸ்போர்டின் கவிதைப் பேராசிரியர், ஆங்கிலத் திறனாய்வின் தலைமகன் என்று புகழப்பட்டவர். 1863 ஜனவரியில் 'மாக்மில்லன்' இதழில் எழுதிய கட்டுரையில் அவர் வைத்த வாதம் இது: இத்தகைய நூல் ஒன்று கல்லாதவரைப் பண்படுத்த வேண்டும், அல்லது கற்றவர்க்குப் புதியது அறிவிக்க வேண்டும், கொலென்சோவின் நூல் இரண்டையும் செய்யவில்லை. ஸ்பினோசாவும் வேதத்தை ஆராய்ந்தார்; ஆனால் லத்தீனில் எழுதினார், சிலருக்காக எழுதினார். கொலென்சோவோ பலரும் படிக்கும் மொழியில் எழுதிவிட்டார்.

கவனித்தீர்களா? கணக்கு தவறு என்று ஆர்னால்டு சொல்லவில்லை! கணக்கைக் கடைத்தெருவில் போட்டது தவறு என்கிறார். ஐயம் கொள்ளலாம், ஆனால் கற்றோர் கூடத்தில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, பாமரர்க்குப் புரியாத மொழியில் ஐயம் கொள்ள வேண்டும். மந்திரத்தை மறைமொழியில் பூட்டி வைத்து, சாவியைச் சிலர் மடியில் முடிந்து வைத்த வரலாற்றை அறிந்த நம் செவிக்கு இது பழகிய குரலாகவே ஒலிக்கிறது.

ஆர்னால்டு நம்பிக்கையில் திளைத்தவர் என்றாலும் பொறுக்கலாம். 1867ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'டோவர் கடற்கரை' என்ற கவிதையைப் படித்தவர்கள் அறிவார்கள். கரையை விட்டு விலகும் கடலைப் போல நம்பிக்கை உலகை விட்டு விலகிச் செல்வதை எண்ணி இரவில் நின்று ஏங்கும் உள்ளம் அது. அழகிய கவிதை, நாமும் சுவைக்கிறோம். ஆனால் கேட்கிறோம்: கவிஞர் நிலவொளியில் ஏங்கினால் அது இலக்கியம், பிஷப் பகலொளியில் கூட்டிக் கழித்தால் அது பண்பாடற்ற செயலா? 1873ஆம் ஆண்டில் ஆர்னால்டே வேதத்துக்குப் புதுவிளக்கம் தந்து, பலரும் படிக்கும்படி ஒரு நூல் எழுதினார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுவோம். பத்தாண்டில் அவரும் கடைத்தெருவுக்கு வந்தே தீர வேண்டியிருந்தது.

கற்றவர்க்குப் புதியது ஏதும் இல்லை என்ற குற்றச்சாட்டும் நிலைக்கவில்லை. ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தின் வேத ஆராய்ச்சி வல்லுநர் ஆபிரகாம் கூனன், ஆகமங்களில் மிகப் பழையது என்று கருதப்பட்டு வந்த பகுதியை மறு ஆய்வு செய்யத் தம்மைத் தூண்டியவற்றுள் கொலென்சோவின் கணக்கும் ஒன்று என்று ஒப்புக்கொண்டார். வாத்தியார் கணக்கு வல்லுநர்க்கும் பாடமாயிற்று.

திருச்சபை என்ன செய்தது? 1863 டிசம்பரில் கேப்டவுன் பிஷப் ராபர்ட் கிரே விசாரணை நடத்திக் கொலென்சோவைப் பதவி நீக்கினார். 1865ஆம் ஆண்டில் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்புச் செல்லாது என்றது. 1866ஆம் ஆண்டில் கிரே அவரைச் சபை விலக்கம் செய்தார். குற்றச்சாட்டுகளில் ஆகம ஆராய்ச்சி மட்டுமன்றி நரகமும் இருந்தது! கிறிஸ்துவின் பெயரையே கேட்டறியாமல் மாண்ட ஜூலு முன்னோர் அனைவரும் எரிநரகில் வேகின்றனர் என்று போதிக்கக் கொலென்சோ மறுத்திருந்தார். தன் பாட்டன் நெருப்பில் வேகிறான் என்று நம்பினால்தான் பேரன் கரையேறலாம் என்று சொல்லும் மதத்தை அவரால் மக்கள் முன் வைக்க முடியவில்லை.

கொலென்சோ இறுதிவரை கிறிஸ்தவராகவே இருந்தார், பிஷப்பாகவே இறந்தார். ஆகமம் பொய்த்தாலும் ஆண்டவன் பொய்க்கவில்லை என்பது அவர் முடிபு. அளவுகோலைப் பாதி வழியிலே வைத்துவிட்டார் என்று பகுத்தறிவாளர் சொல்லக்கூடும். நமக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் ஒரு மனிதனை அவன் சென்று சேர்ந்த இடத்தை மட்டும் கொண்டு அளப்பது முறையாகாது. புறப்பட்ட இடத்தையும் பார்க்க வேண்டும். அங்கியும் ஊதியமும் நண்பர் குழாமும் ஒரு தட்டில். உதவியாளர் ஒருவரின் கேள்வி மறு தட்டில். கேள்வியின் பக்கம் சாய்ந்தார் அவர்.

அந்தச் சாய்வு அத்துடன் நிற்கவுமில்லை. 1873ஆம் ஆண்டில் லுபி மக்களின் தலைவர் லங்கலிபலேலே, துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் ஆணையை ஒட்டிக் கலகக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டு, முறையற்ற விசாரணைக்குப்பின் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். கொலென்சோ எழுந்தார். சாட்சியங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஆகமத்தைச் சோதித்த அதே முறையில் சோதித்தார், பொய்யை அம்பலப்படுத்தினார், 1874ஆம் ஆண்டில் லண்டன் வரை சென்று வாதாடினார். நேட்டால் ஆளுநர் திரும்ப அழைக்கப்பட்டார். கிரேயை எதிர்த்து நின்றபோது கொலென்சோவை ஆதரித்த வெள்ளைக் குடியேறிகள், இப்போது அவரை வெறுத்தனர். வேதத்தை ஐயுற்றதை மன்னித்தார்கள். வெள்ளையர் ஆட்சியை ஐயுற்றதை மன்னிக்கவில்லை! 1879 ஜனவரி 22இல் இசண்டல்வானாவில் ஆங்கிலப் படை ஜூலுக்களிடம் தோற்று, நாடே பழிக்குப் பழி என்று கூவியபோது, இம்மக்களுக்கு நாம் நீதி செய்தோமா என்று பேராலய மேடையில் நின்று கேட்டார். ஜூலு மக்கள் அவரைச் 'சோபந்து' என்றழைத்தனர்; மக்களின் தந்தை என்பது பொருள். 1883ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

நூலை மூடி வைக்கும்போது நமக்கு ஒரு மனக்குறை எஞ்சுகிறது. அது ஆர்னால்டின் குறைக்கு நேர் எதிரானது. பலர் படிக்க எழுதியது தவறு என்றார் அவர். இன்னும் பலர் படிக்க எழுதவில்லையே என்கிறோம் நாம். கேள்வி பிறந்தது ஜூலு நாவில். விடையோ ஏழு ஆங்கிலப் பகுதிகளில்.

எனினும் எகுகன்யேனியில் ஓர் அச்சகம் இருந்தது. அங்கே அச்சுக்கோக்கக் கற்றுக்கொண்டவர்களுள் மகேமா ஃபூசே ஒருவர். 1860ஆம் ஆண்டிலேயே, ங்கிடியும் அவரும் மற்றொருவரும் தத்தம் கைப்பட எழுதிய பயண விவரங்கள் நூலாக வெளிவந்தன. முதுமையில் ஃபூசே தம் மக்களின் வரலாற்றைத் தம் மொழியிலேயே எழுதினார். 1922ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலே, ஜூலு ஒருவர் ஜூலு மொழியில் எழுதி வெளியான முதல் பெருநூல். கேள்வி கேட்டால் அடிக்காத ஒரு கூடத்தில் எழுத்துக் கற்றவர் அவர். ங்கிடிக்கு அன்று மழுப்பிய பிஷப், அந்தக் கூடத்தை மூடாமல் வைத்திருந்தார். அதற்காகவும் அவருக்கு நம் வணக்கம்.